பத்தி ஆறு

ராம்பூரில் சட்லெஜ் போடும் இரைச்சலுக்கு
சன்னலைச் சாத்தினால்தான் எதையும் தட்டச்ச முடியும்.
சாத்தினேன்.
ஒன்று முதல் ஐந்து வரை பிசிறில்லாமல் வந்தது:
மேல்முறையீட்டாளர் ஜங்மோ நேகி, வயது ஐம்பத்தெட்டு.
சொத்து நான்கு பிகா, அறுபத்திரண்டு ஆப்பிள் மரம்.
பியோ கோர்ட் சொன்னது: பேச்சு இருக்கிறது, காகிதம் இல்லை.

இப்போது காகிதம் இருக்கிறது.
டாங்க்ரி எழுத்து, பழுப்பு மை,
சாட்சிகள் மூவர், மூவரும் செத்தாயிற்று.
மேல்தோட்டம் மகளுக்கு என்ற ஒற்றை வரிக்கு
அப்பா ஒரு முழுப் பக்கம் சுற்றி வந்திருக்கிறார்.

ஆறாவது பத்தியில் சொல்ல வேண்டும்
இது அன்றைக்கு ஏன் வரவில்லை,
இன்றைக்கு எப்படி வந்தது.
சட்டம் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை.
தேடினாயா? உரிய கவனத்தோடு தேடினாயா?
தோற்ற பிறகு ஓட்டையை அடைக்க வந்த காகிதமா,
இருந்தும் உன் கைக்கு எட்டாத காகிதமா?

"தேடினேன் என்று எழுது."
எங்கே?
"என் வீட்டில்."
உங்கள் வீட்டிலா இருந்தது?

கையுறையைக் கழற்றி மடியில் வைத்து
விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தாள்.
குமாஸ்தா தேநீர் வாங்கப் போனதும் சொன்னாள்.
அக்ரோட் மூட்டையின் அடியில் வந்ததாம்.
அனுப்பியவள் சூர்பக்தி, அண்ணன் மனைவி,
எதிர்மேல்முறையீட்டாளர் ஒன்று, இரண்டு
இருவரையும் பெற்றவள்.
புருஷன் போன பதினெட்டாம் நாள் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.
அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது.
ஆனால் முப்பது வருஷம்
சாவியை அவன் ஏன் இடுப்பிலிருந்து இறக்கவில்லை என்று தெரியும்.

எழுதினால் ஜெயிப்போம் என்றேன்.
எதிராளி பூட்டி வைத்திருந்த ஆவணம்.
இதற்குமேல் யாராலும் தேடியிருக்க முடியாது.

"எழுதினால் அவள் எங்கே படுப்பாள்?"

நாற்பத்தொன்றாம் கட்டளை, இருபத்தேழாம் விதி.
உட்பிரிவு உட்பிரிவாகப் பார்த்தேன்.
அந்தக் கேள்விக்கு இடம் விட்டிருக்கவில்லை.

ஆகவே,
'மேற்படி ஆவணம் அண்மையில் கிடைக்கப்பெற்றது.'
கொடுத்த கை இல்லாத வாக்கியம்.
புது வக்கீல்கூட மோப்பம் பிடிப்பான்.
தாக்குர் பழைய வக்கீல்.

"கிடைக்கப்பெற்றதாம். மரத்திலிருந்து உதிர்ந்ததா?"
கோர்ட் சிரித்தது. மகன்கள் இருவரும் சிரித்தார்கள்.
அவர்களோடு பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தவள்
பச்சைத் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டு
நிற்கிற மின்விசிறியையே பார்த்தாள்.
ஜங்மோ அந்தப் பக்கம் திரும்பவில்லை.
நான் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது.

நீதிபதி ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.
இறுதி விசாரணையோடு சேர்த்துப் பார்க்கலாம்;
விரும்பினால் அதற்குள் வாக்குமூலத்தைத் திருத்தலாம்;
நவம்பர் பதினேழு.
கட்டோடு கட்டாகக் கோர்த்தார்கள், குறியீட்டு எண் போடாமல்.
உள்ளே வந்தும் வராத விருந்தாளி மாதிரி
அது கோப்பில் நிற்கிறது.

என் பங்கு அக்ரோட்டை எப்போதோ தின்றாயிற்று.
மூலையில் கிடக்கிறது காலிச் சாக்கு,
ஓரத்தில் சிவப்பு நூலில் தைத்த வீட்டுக்குறி.
லாரியில் மாறிப்போகாமல் இருக்க
மகன்களே தைத்தது.
அதை மேசையில் போட்டால் போதும்.
இரண்டு தடவை மடித்துப் பையில் வைத்தேன்,
இரண்டு தடவையும் எடுத்து வெளியே வைத்தேன்.

நேற்று ஜங்மோ போனில்:
"சாக்கை அனுப்பிவிடு.
காய் விழத் தொடங்கிவிட்டது அங்கே.
ஒன்று குறைகிறதாம். பிள்ளைகள் எண்ணுகிறார்களாம்."

ஐந்தரை மணி பியோ பஸ்.
டிரைவர் இருக்கைக்குப் பின்னால் செருகினேன்.
கண்டக்டர் காதிலிருந்து பேனாவை எடுத்தான்.

அனுப்புகிறவர் பெயர்? என்றான்.