மற்றவை

என் வேலை ஒரு அட்டவணை.
பெல்லந்தூரில், ஏழாவது மாடியில்,
இடப்பக்கம் நாடுகள், வலப்பக்கம் விலை,
நடுவில் ஒரு தசமம்.
அந்தத் தசமத்தைத்தான் நான் போடுகிறேன்.

படங்களைத் துடைக்கும் மென்பொருள் எங்களுடையது.
மாப்பிள்ளை நெற்றியின் வியர்வையை எடுக்கும்,
பின்னால் நிற்கும் ஜெனரேட்டரை எடுக்கும்,
வராத சித்தப்பாவை
வந்தவர்கள் பக்கத்தில் நிறுத்தும்.
ஜெர்மனிக்கு ஒன்று.
பிரேசிலுக்குப் புள்ளி ஐந்து.
இந்தியாவுக்குப் புள்ளி இரண்டு இரண்டு.
கருணையெல்லாம் இல்லை,
அதற்கு மேல் போட்டால் திருடிவிடுவோம் என்று
யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

பெட்டி இல்லை, லாரி இல்லை, சுங்கச்சாவடி இல்லை.
இன்னொரு பிரதிக்கு எங்களுக்கு ஆகும் செலவில்
ஒரு வேர்க்கடலைகூட வராது.

மாட்டுச் சந்தையில்
துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.
இங்கேயும் துண்டு இருக்கிறது.
விரல் என்னுடையது.
அந்தப் பக்கம் இருப்பவருக்கு
பேரம் நடப்பதே தெரியாது.

என் தம்பி ரெஜிஸ் இரவில் துருக்கிக்காரன்.
விளையாட்டு ஒன்று அங்கே பாதி விலை என்று
இணைப்பை இஸ்தான்புல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனான்.
பணம் கட்டும்போது மாட்டிக்கொண்டான்.
"கார்டுக்கு நாக்கு இருக்குக்கா" என்றான்.
அந்த நாக்கையும் என்னைப்போல் ஒருத்திதான்
எங்கோ ஒரு மாடியில் உட்கார்ந்து வைத்திருப்பாள்.

அட்டவணையின் கடைசி வரிசை: மற்றவை.
பெயர் எழுத யாருக்கும் பொழுதில்லாத நாடுகள்
மொத்தமும் அதில்.
மற்றவைக்கு ஒன்று.
ஜெர்மனிக்கு என்னவோ அதே.

செவ்வாய்க்கிழமை ஒரு புகார் வந்தது, தமிழில்.
வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது என்று
சோனால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"களுவாஞ்சிக்குடியில இருந்து ஜெயசுதன் எழுதுறன்.
கலியாண அல்பம் செய்யிற ஆள்.
சென்னையில இருக்கிற மச்சானுக்கு
ஆயிரத்து எழுநூறு இந்திய ரூவா எண்டு காட்டுது.
எனக்கு எண்பத்தொன்பது டொலர்.
எங்கட காசில பெருக்கிப் பாருங்க.
நடுவில கிடக்கிறது ஒரு கடல்,
அதுவும் ஆழமில்லாத கடல்."

பெருக்கிப் பார்த்தேன்.

அபிநந்தனிடம் போய் நின்றேன்.
"ஒரு வரிசைதான். சேர்க்கலாமா?"
"அங்கே நமக்கு எத்தனை பேர்?"
"இருநூற்றுப் பன்னிரண்டு."
எண்ணைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
"அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்றார்.
பார்க்கலாம் என்பதும்
எங்கள் மாடியில் ஒரு தசமம்தான்.

மாலையில் மழை.
ஆட்டோக்காரர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார்,
என் கன்னடத்தைக் கேட்டார்,
மர்ஃபி டவுனுக்கு நானூறு என்றார்.
எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு
அதே பக்கம், முந்நூறு.
"ஆள் பார்த்து இலை போடறீங்களா?"
கோபத்தில் தமிழ் வந்துவிட்டது.
தமிழிலேயே பதில் வந்தது:
"மழை பார்த்து, மேடம்."
அவளும் அதே மழையில்தான் நின்றாள்.
ஏறி உட்கார்ந்தேன்.

டொம்லூர் பாலத்தில் வண்டி நின்றபோது
எனக்கென்று இருக்கும் ஒரே அதிகாரத்தை எடுத்தேன்:
கோபித்துக்கொண்ட வாடிக்கையாளருக்கு
மாதம் ஒரு சலுகைக் குறியீடு.
பத்து எழுத்து. அனுப்பினேன்.
கொஞ்சம் நல்லவளாகக்கூட உணர்ந்தேன்,
அல்சூர் ஏரி வரைக்கும்.

இறங்குவதற்குள் பதில்:
"கிடைச்சிட்டு, பெரிய நன்றி.
மற்ற ஆக்களுக்கு?"

ஐந்நூறாகக் கொடுத்தேன்.
மீதி நூறுக்குச் சில்லறை இல்லை என்றார்,
நானும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இன்று வெள்ளி.
வரைவுப் பெட்டியில்
"அன்புள்ள ஜெயசுதன்," என்று இருக்கிறது.
காற்புள்ளிக்கு அப்பால்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.