கணக்கில் கூடிய கண்ணி

தாளில் மூன்றே வரி இருந்தது.
அறுபது கண்ணி ஏற்று.
எல்லா வரிசையும் ஒரே பின்னல்.
சதுரமானதும் நிறுத்து.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்.
கடைக்காரி இரண்டு மூங்கில் ஊசிகளையும்
பட்டாணிப் பச்சையில் ஆறு உருண்டைகளையும் பையில் போட்டு
"மெஷினில் துவைக்கலாம், பால் கக்கினாலும் போய்விடும்" என்றாள்.
குழந்தை பற்றி நான் வாயே திறக்கவில்லை.

எட்மன்டனில் ஜனவரி.
மில் வுட்ஸ் முனையில் பஸ்ஸை நிறுத்தினால்
பதினொரு நிமிடம் என்னுடையது.
கையுறை கழற்றி
ஹீட்டர் முன்னால் விரல்களுக்கு உயிர் வரவழைத்து
ஸ்டீயரிங்கின் மேல் கம்பளியை விரித்துக்கொள்வேன்.
குத்து, சுற்று, இழு, இறக்கு.
குத்து, சுற்று, இழு,
நழுவிவிட்டது.
நாற்பது அடி வண்டியைப் பனிச்சறுக்கலில் திருப்புகிறவனுக்கு
ஒரு சுருக்கை ஊசி மாற்றத் தெரியவில்லை.
கண்ணி என்றால் எனக்கு
முயலுக்கு வைப்பது மட்டுமே தெரியும்.
இதில் மாட்டியது நான்.

முதல் மூன்று அங்குலம் பலகை.
அது ஸ்கேன் எடுத்த வாரம்.
டாக்டர் திரையை ஒரு முறை கூடுதலாகப் பார்த்தார்.
நூலை எவ்வளவு இறுக்கினேனோ,
அன்றிரவு ஊசி கீச்சிட்டது.
அதற்கு மேல் கொஞ்சம் தளர்வு:
கோசலா விடியும்வரை தூங்கிய நாட்கள்.
எழுபத்தோராம் வரிசையில் ஓர் ஓட்டை.
அன்று வைட் அவென்யூவில் ஒருவன்
காசு போடாமல் ஏறி
பின்சீட்டில் அழுதுகொண்டே வந்தான்.
அவன் இறங்கிய பிறகும்
கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசி வண்டிக்கு ஏறும் ஹாக்கிப் பையன் டெவன்,
கோலியின் கால்காப்பு இரண்டையும்
இரண்டு ஆட்களைப்போல் சீட்டில் உட்காரவைத்துவிட்டு
முன்னால் வந்து எட்டிப் பார்த்தான்.
"அகலமாகிக்கொண்டே போகுதே?"
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.
எழுபத்து மூன்று.
அறுபதில் புறப்பட்ட வண்டியில்
இந்தப் பதின்மூன்று பேர் எந்த நிறுத்தத்தில் ஏறினார்கள்?
நாள் முழுக்கக் கதவைப் பார்ப்பதுதான் என் வேலை.
ஒருவரும் டிக்கெட் காட்டவில்லை.

பிழை வந்த இடம்வரை பிரிக்கச் சொன்னது
தாளின் பின்பக்கம்.
எந்த இடம்வரை?
ஏறியவர்கள் இருக்கட்டும் என்று விட்டேன்.

ஏப்ரல், இன்னும் பனி.
ஒன்பது வாரம் முன்னதாக,
முனையில் என் ஏழாவது நிமிடத்தில்,
போன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள்.
என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை,
அவ்வளவுதான் நீளம்.
நர்ஸ் கைகழுவச் சொன்னார், இரண்டு முறை கழுவினேன்.
வட்டத் துவாரம் வழியே ஒரு கையை உள்ளே விட்டேன்.
பேச வரவில்லை.
நான்கு மாதமாக ஊசியிடம் முணுமுணுத்த
ஒரே சொல்தான் நாக்கில் இருந்தது.
பிழை.
ஒவ்வொரு வரிசையிலும்
என்னை நானே திட்டிக்கொண்ட அதே சொல்.
அதைத்தான் அவளிடம் சொன்னேன்.
பிழை.
பிழை, மகளே.

ஜூனில் வீட்டுக்கு வந்தாள்.
மூலையோடு மூலை மடித்தால்
சதுரமா இல்லையா தெரிந்துவிடும் என்றிருந்தது தாளில்.
மடித்தேன்.
ஒரு பக்கம் நான்கு விரற்கடை துருத்திக்கொண்டு நின்றது.
கோசலா அதை வாங்கி உதறி
"காலுக்குத்தானே இடம் வேணும்" என்று
அகன்ற பக்கத்தைக் கால்மாட்டுக்குத் திருப்பினாள்.
எழுபத்தோராம் வரிசையின் ஓட்டை
சரியாக நெஞ்சுக்கு நேரே வந்தது.
அதன் வழியாக
ஒரு சுண்டுவிரல் வெளியே வந்து
அறையை விசாரித்துவிட்டு
உள்ளே போனது.

ஆறாவது உருண்டையில் பாதி மிச்சம்.
டெவன் கேட்டான், கொடுத்துவிட்டேன்.
அவனுடைய கால்காப்பில் ஒரு வார் அறுந்திருக்கிறதாம்.