மூன்று பைட் இடைவெளி

பழைய போர்டில் நேராக நின்ற சோதனைப் படம்
புதிய போர்டில்
மழையில் பசை விட்ட சுவரொட்டிபோல்
சரிந்து தொங்குகிறது.
வரிசைக்கு வரிசை பதினாறு பைட் பிசகு.
அகலத்தை நான்கால் பெருக்கினால் போதும் என்று
யாரோ நம்பியிருக்கிறார்கள்.
கேன்டீனுக்குக் கிளம்பிய பொன்னப்பா
நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னான்:
"ஹார்டுவேரைக் கேள்.
நீயாகக் கணக்குப் போடாதே."

கேட்டேன். அது சொன்ன எண்ணைப் போட்டேன்.
படம் நிமிர்ந்தது.
கூடையிலிருந்த தக்காளி மட்டும்
நல்ல நீலம்.

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து
எதன் அளவையும் நம்புவதில்லை.
லாங் என்றால் லினக்ஸில் எட்டு,
விண்டோஸில் நான்கு.
ஒற்றை பைட்டை நாங்கள் மரியாதையாக
சார் என்று அழைப்போம்.
அந்த சாருக்கு இன்டெலில் கடன் உண்டு, மைனஸ் ஒன்று.
ஆர்மில் அதே எட்டு பிட்
இருநூற்று ஐம்பத்தைந்து சொத்து.
மைனஸ் ஒன்று வரும்வரை சுற்று என்று எழுதிவிட்டு
வீட்டுக்குப் போனேன் ஒருமுறை.
காலையிலும் சுற்றிக்கொண்டிருந்தது,
டின் ஃபேக்டரி பக்கம்
யு டர்ன் கிடைக்காத ஆட்டோவைப்போல.

வீடு காகதாசபுராவில். மூன்றாம் மாடி,
பதினோரு மாத ஒப்பந்தம்.
மாதம் இரண்டு முறையாவது மணி அடிக்கும்.
"அனிந்திதா மேடம்?"
கூரியர்காரர் கன்னடத்தில் கேட்பார்.
"இல்ல" என்பேன்.
ஒரு எழுத்தும் திருத்தாமல்
இரண்டு மொழியிலும் ஓடுகிற சொல்.
என்னிடம் இருப்பதில் அதுதான் உருப்படி.

நேற்று இரவு மெர்லின் என் கோடைப் படித்துவிட்டு
ஒரே வரி எழுதியிருந்தாள்:
இந்த ஸ்ட்ரக்டில் ஓட்டை இருக்கிறது.

எங்கே? முதலில் ஒரு பைட், திரையின் நிலை.
அடுத்து நான்கு பைட், பிழை எண்.
கூட்டினால் ஐந்து.
கம்பைலர் எட்டு என்கிறது.
நான்கால் வகுபடாத கதவு எண்ணில்
இன்ட் குடியேறாதாம்;
அதனால் நடுவே மூன்று அறையைக்
கேட்காமலே காலியாக விட்டிருக்கிறது.

காலி என்பது என் நினைப்பு.
கெர்னல் அதை அப்படியே மடித்து
வெளியே கொடுக்கும்போது
முன்பு அங்கே இருந்ததும் கூடவே போகிறது.
பிரித்துப் பார்த்தேன்:
ஒரு புள்ளி, ஒரு எஸ், ஒரு ஓ.
ஏதோ கோப்புப் பெயரின் வால்.
எந்தக் கோப்பு, யார் திறந்தது, தெரியாது.
மற்ற போர்டில் வேறு மூன்று குப்பை.
சோதனைகள் எல்லாம் பச்சை.
ஒருவரும் அந்த இடத்தைப் படிப்பதில்லை,
படிக்க நினைக்கிறவனைத் தவிர.

ஓட்டைக்கு ஒரு பெயர் வைத்தேன்.
மூன்று பைட், ரிசர்வ்ட்.
பூஜ்யத்தால் நிரப்பினேன்.
மொத்தம் எட்டு இல்லாவிட்டால்
கம்பைலே ஆகாதே என்று கீழே ஒரு வரி.
மெர்லின் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.
மணி பதினொன்றே கால்.

வீட்டில் தண்ணீர் இல்லை.
டேங்கர் எண்ணைத் தேடி
சமையலறை அலமாரியைத் திறந்தேன்.
கதவின் உள்பக்கம் பென்சிலில்
அவள் குறித்து வைத்த தேதிகள்.
குடி வந்த வாரம் அவற்றை எட்டு, எட்டு என்று படித்து
எட்டாம் தேதி டேங்கர் வருமென்று
பக்கெட்டோடு நின்றிருக்கிறேன்.
வங்காளத்தில் அது நான்காம்.
சௌமோ சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரியில் எனக்கும் பதினோரு மாதம் முடிகிறது.
வீட்டுக்காரர் வெள்ளையடிப்பார், முன்பணத்தில் பிடிப்பார்,
அலமாரிக்குள் பிரஷ் நுழையாது.

அழிரப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.
மெர்லின் பார்த்தால் விடமாட்டாள்.
கீழே, அவள் விட்ட இடத்திலிருந்து,
இன்றைய தேதியை எழுதினேன்.
என் எண்களில்.