பெயர் மாற்றப் படிவம்

புந்தா அரேனாஸ் நகராட்சியில்
மூன்றாம் சன்னல் என்னுடையது.
கடைக்குப் பெயர் பதிய வருகிறவர்கள்
குளிரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து
கையுறையைக் கழற்றாமலே எழுதப் பார்ப்பார்கள்.
நான் கேட்பது இரண்டே கேள்வி:
இதே பெயர் வேறெவரிடமும் இருக்கிறதா,
இது கெட்ட வார்த்தையா.
இல்லை, இல்லை என்றால் முத்திரை.
சிரிப்பு வந்தால் திருப்பி அனுப்பு என்று
எந்த விதியிலும் இல்லை.
பதினோரு வருடமாகத் தேடுகிறேன்.

அதனால்தான் இந்த ஊரில்
பல் மருத்துவர் யூர்கோவிச்
'இன்னும் கொஞ்சம்' என்ற பலகைக்குக் கீழே
வாயைத் திறக்கச் சொல்கிறார்.
மணப்பெண் உடைக் கடைக்கு 'மறுபடியும்' என்று பெயர்.
ஓர்த்தென்சியா ஒயார்சோ
மூன்றாம் கல்யாணம் முடிந்த வாரம் திறந்தது.
அதில் பிழை சொல்ல நான் யார்?
'பொறுமை' பிஸ்கட்டைப் பற்றி மட்டும்
ஒன்றும் சொல்லமாட்டேன்.
கடித்துப் பாருங்கள், பொருத்தம் தெரியும்.

வடக்கிலிருந்து ஒரு பையன் வந்தான்.
குடைக் கடை.
தெருவில் கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி
மனிதர்கள் நடக்கிற ஊரில்
குடைக் கடை.
பெயர்: 'அசையாதது'.
முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு
சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
யாருடைய கூரைத் தகரமோ போய்க்கொண்டிருந்தது.
கண்ணை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.
ஏப்ரலில் கடை போயிற்று, பையனும் போனான்.
பலகை இன்னும் இருக்கிறது.
சொன்னபடி, அசையவில்லை.

சிரிக்கிறேனே தவிர
என் பெயரே துல்சே. இனிப்பு என்று பொருள்.
வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பார்ரியா வந்தார்,
மீன்கடைக்காரர்.
'பழைய நண்பன்' என்று
ஆறு வருடம் முன்பு நான்தான் பதிந்து கொடுத்தேன்.
நண்பன் ருடெசின்டோ.
படகில் பாதி, கடனில் பாதி.
ஒரு ஜூலை இரவு நீரிணையிலிருந்து
படகு திரும்பியது.

இந்த மாதக் காற்று
பலகையிலிருந்து 'நண்பன்' என்பதை மட்டும்
பெயர்த்துக்கொண்டு போய்விட்டது.
மிஞ்சியது 'பழைய'.
பக்கத்திலேயே
வாய் பிளந்த ஒரு நீல மீன்.
ஊரே வந்து நின்று படம் எடுத்தது.
எடுத்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு
ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினார்கள்.
பெயர் வைத்தவன் சோறு வைக்காமலா போவான்
என்பார்கள்.
இங்கே பெயரைப் பிய்த்தது
சோறு வைத்தது.

"பலகையை மாட்ட ஆள் அனுப்பட்டுமா?" என்றேன்.
நகராட்சியில் ஏணி உண்டு, ஆணியும் உண்டு.
பார்ரியா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இரண்டு தடவை அவனைக் கொண்டுபோயிருக்கிறது.
மறுபடி அறைந்து நிறுத்த
எனக்கு மனசில்லை, அம்மணி.
படிவம் கொடுங்கள்."

முந்தைய பெயர்: பழைய நண்பன்.
புதிய பெயர்: பழைய.
காரணம் என்ற கட்டத்தின் மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
'காற்று' என்று எழுதினார்.

இதே பெயர் வேறெவரிடமும் இல்லை.
கெட்ட வார்த்தையும் இல்லை.
குத்தினேன்.
மை சரியாக விழவில்லை, இன்னொரு முறை குத்தினேன்.

மாலையில் நானும் அரைக் கிலோ வாங்கப் போனேன்.
மீன் அன்றைக்குப் பிடித்தது,
செவுள் சிவப்பாக இருந்தது.
சுற்றிக் கொடுத்த தாளில் மட்டும்
முழுப்பெயர் இன்னும் அச்சாகியிருந்தது.
ஐந்நூறு தாள் மிச்சமாம்.
தீரும்வரை தீரட்டும் என்றார்.
ஒரு மீனுக்கு
ஒரு தாள் போதும்.
இரண்டில் சுற்றிக் கேட்டு வாங்கி வந்தேனே,
அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.