நாப்பத்து மூணாம் நம்பர்

நாலு வருசம் அதன் உச்சியில் ஏறி
போல்ட் முறுக்கியவன் நான்.
மேலே நின்றால் பணகுடி ஒரு தீப்பெட்டி,
கிழக்கே உவரிக் கடல் ஒரு கோடு.

பிறகு ஒரு ஆடி மாசம்
றெக்கை மூன்றும் என் பேரைப் பங்கு போட்டுக்கொண்டன:
அமல,
தா,
சன்.
ஒரே ராத்திரியில் ஏழு காத்தாடியை நிறுத்தினேன்.
கம்பெனி என்னை நிறுத்தியது.

முதலில் போட்ட ஊசியில்
காலுக்குள் யாரோ நடந்தார்கள்.
உட்கார முடியாமல் பூசை முடியும்வரை
கோயிலைச் சுற்றினேன்.
"நேர்ச்சையா மக்கா?" என்றார் உபதேசியார்.
ஆமா என்றேன்.

இப்போது ராத்திரிக்கு மூன்று க்ளோசபின்.
றெக்கை வெறும் றெக்கைதான்.
தலையணை முழுக்க எச்சில்;
ரீத்தக்கா விரிக்கிற துண்டும் விடியுமுன் ஊறிவிடும்.
ஐம்பத்தெட்டு கிலோ இருந்தேன், எண்பத்து மூன்று ஆனேன்.
பரணில் கிடந்த சேஃப்டி பெல்ட்டை ஒருநாள்
கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிப் பார்த்தேன்.
கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே
ஒரு சாண் நான்.

வயிறு இளக பாளையங்கோட்டான் பழம்,
ரத்தம் கொடுக்க பாளையங்கோட்டை ஐகிரவுண்ட்.
மாசம் ஒரு தடவை, முதல் பஸ்.
வெள்ளணு குறைந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களாம்.
நர்ஸ் நரம்பைத் தட்டித் தேடும்போதெல்லாம்
குறைஞ்சிருக்குமோ என்று பயம்.
குறையாமலே இருந்துவிடுமோ என்றும்.

ஒரே ஒரு தடவை நாக்கடியில் ஒளித்தேன்.
அதற்கு ஆறு வருசமாய்
அக்கா போன் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.

நேற்று அப்படித்தான்,
வாயைத் திறந்து காட்டி, படுத்து,
கண் சொக்குகிற நேரம்
நாப்பத்து மூணில் ஒரு சத்தம்.
கர்ரு.
விட்டு,
கர்ரு.
படுத்தபடியே வேர்த்துவிட்டது.
வந்துட்டானுவ.

"எக்கா, ஒனக்குக் கேக்குதா?"

டார்ச்சை அணைத்துவிட்டு
இருட்டில் வெகுநேரம் நின்றாள்.
"ஆமால. அம்மி தேயுத மாரி."

பேரிங். கிரீஸ் வற்றின பேரிங்.
என் மண்டை இல்லை, பேரிங்!
எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு அழுகை.

ஆபீசுக்கு அவள்தான் போன் போட்டாள்;
என் குரல் என்றால் வைத்துவிடுவான்.
ரிங் போய்க்கொண்டே இருந்தது.
நாக்கு தடித்துவிட்டது.
துண்டை விரித்தாள்.
விடிஞ்சதும் மறக்காம சொல்லு என்று
சொன்னேனா,
சொல்ல நினைத்தேனா.