அம்பதுக்கு ரெண்டு

ராத்திரி ஒன்றரைக்கு ஷட்டரைத் தட்டினார்கள்.
லத்தியால் இல்லை, விரல் முட்டியால்.
"அண்ணா, சின்னத் தராசு இருக்கா?"
சப்-இன்ஸ்பெக்டர் பிரணாலி தாவ்டே
என்னிடம் மாதம் அரைக் கிலோ காப்பித்தூள் வாங்குகிறவர்.
அவர்கள் பெட்டியில் இருந்த தராசுக்கு
பேட்டரி செத்திருந்தது.

ஏலக்காய்க்கும் கசகசாவுக்கும் வைத்திருந்ததை
துண்டில் பொதிந்து எடுத்துப் போனேன்.
ஆன்டாப் ஹில், தண்ணீர் டாங்கிக்குக் கீழே
ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.
சாப்பாடு கொண்டுபோகிற சிவப்புப் பை,
அதற்குள் பிரியாணி வாசனை இன்னும் இருந்தது.

"நீங்களும் பஞ்ச்" என்றார் தாவ்டே.
பார்த்ததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிற ஆள்.
இன்னொரு பஞ்ச் ரிக்‌ஷாக்காரர், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.
பெரிய அதிகாரி முன்னால் சோதனை வேண்டுமா என்று
பையனிடம் கேட்டார்கள், எழுதிக் காட்டினார்கள்.
அவன் தலையை எப்படி ஆட்டினான் என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைப் பொடி. அஜினமோட்டோ என்று சொல்லி
என் கடையிலேயே விற்றிருக்கலாம்.
கண்ணாடிக் குப்பியில் சிட்டிகை போட்டு
மேலே ஒரு துளி மருந்து விட்டார்கள்.
டார்ச் வெளிச்சத்தில் மஞ்சள் பூத்தது.
"எம்.டி." என்றார் ஒருவர்,
மழை வந்துவிட்டது என்பது போல.

அப்புறம் என் தராசு.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன:
ஐம்பத்தொன்று.
தாவ்டே மூச்சை விட்டார். "கமர்ஷியல்."
ஐம்பதைத் தாண்டினால் பத்து வருஷம்,
அதற்குக் குறைத்துப் போட ஜட்ஜுக்கும் கையில்லையாம்.
அரக்கை உருக்கினார்கள், முத்திரை வைத்தார்கள்.
அந்தோணிக்கண்ணு என்று நான் போட்ட கையெழுத்து
அரக்கின் சூட்டில் ஓரம் சுருண்டது.

சயான் மார்க்கெட் ரிப்பேர்க்காரன்
நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
அந்தத் தராசுக்குக் கற்றுக்கொடுத்தது எனக்குத்தான் தெரியும்:
அம்பதுக்கு ரெண்டு கூட.

அன்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
மேல்மாடி கோமதியின் மகள் இதே பொடியால்
பல்லைக் கடித்துக் கடித்து உடைத்துக்கொண்டவள்.
நாற்பத்தொன்பது கிராம் விற்கிறவன் மட்டும்
யோக்கியனா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது கெட்ட நியாயமில்லை.
ஆனால் அது என் தராசுக்கான நியாயமும் இல்லை.

மூன்று வருஷம் கழித்துச் சம்மன் வந்தது.
கோட்டைப் பக்கம், மின்விசிறி கிறீச்சிடும் கோர்ட்.
பையனுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது.
என் கையெழுத்தைக் காட்டினார்கள், என்னுடையதுதான் என்றேன்.
அரக்கைக் காட்டினார்கள், ஆமாம் என்றேன்.
வக்கீலம்மா ஃபைலை மூடப் போனார்,
ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பினார்.
"தராசு யாருடையது?"
"என்னுடையது."
"சரியாகக் காட்டுமா?"

ஜட்ஜின் டைப்பிஸ்ட் விரலைத் தூக்கி வைத்திருந்தாள்.
தாவ்டே ஜன்னலைப் பார்த்தார்.
என் தொண்டைக்குள் பதினொரு வருஷத்து
ஏலக்காய், மிளகு, கிராம்பு,
ஒவ்வொன்றிலும் திருடிய ஒரு சிட்டிகை.

"கூடக் காட்டும், ஐயா."
"எவ்வளவு?"
சொன்னேன்.
"எப்போதிருந்து?"
அதையும் சொன்னேன்.
டைப்பிஸ்ட் அடித்தாள். சத்தம் பெரிதாகக் கேட்டது.

பையன் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.
தீர்ப்பு இன்னும் வரவில்லை.
எடையளவு ஆபீஸ்காரர்கள் வந்து
தராசைக் கோணியில் கட்டிக்கொண்டு போனார்கள்,
அபராதச் சீட்டை ஏசு படத்துக்குக் கீழே செருகியிருக்கிறேன்.
கோமதி இப்போது வேறு கடைக்குப் போகிறாள்.

தாவ்டே மட்டும் போன சனிக்கிழமை வந்தார்,
யூனிபார்ம் இல்லாமல், மழையில் நனைந்து.
"அரைக் கிலோ" என்றார்.
புதுத் தராசில் நான் தூளைக் கொட்டக் கொட்ட
என் முகத்தைப் பார்க்காமல்
எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.