குறிப்பாணைக்குப் பதில்

அய்யா,
ஆவடியில் பதிவு செய்தபோது நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பிரித்துப் பார்த்த பிறகு, கீழ்வீட்டு மீன்காரி தராசில்
முந்நூற்று எழுபத்தொன்று.
நடுவில் போன நாற்பத்தொரு கிராமுக்கு
நான்கு வரிக்கு மிகாமல் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
மிகும். மன்னிக்கவும்.

பெறுநர், ஓய்வுபெற்ற ஹவில்தார் குணாளன்.
கொருக்குப்பேட்டை, வாரியக் குடியிருப்பு, எஃப் பிளாக்,
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது.
எல்லையில் எங்கேயோ பனியில் விட்டுவிட்டு வந்தது.
இல்லாத அந்தக் காலின் சுண்டுவிரல்தான்
ராத்திரி இரண்டு மணிக்கு வலிக்கிறது என்பார்.
முதலில் நான் நம்பவில்லை.
ஒருநாள் பேசிக்கொண்டே இருந்தவர்
வெறும் தரையைக் குனிந்து தடவியதைப் பார்த்தேன்.

பார்சலில் பிரஷர் மாத்திரை அப்படியே இருந்தது.
சர்க்கரை மாத்திரை அப்படியே இருந்தது.
வலி மாத்திரை மட்டும் ஆறு அட்டை இல்லை.
பிரித்த இடத்தில் திரும்ப ஒட்டிய டேப்
நம் ஆபீஸ் டேப்பைவிட நேர்த்தி.

புகார் கொடுத்தது ஓசூரில் இருக்கும் மகள்.
அவர் கொடுக்கவில்லை.
“எட்டு வருஷம் வெடிமருந்துக் கிடங்குக்குக் காவல் நின்னேன்,
ஒரு தோட்டா குறைஞ்சதில்ல.
இதைப் போயி எழுதிக் குடுப்பேனா?” என்றார்.
கோபமா வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை.

இனி என் தவறு.
இரண்டு வருடமாக நான் மூன்று மாடி ஏறவில்லை.
கேட் போட்டால் கூட்ஸ் வண்டி போக இருபது நிமிடம்,
பீட்டில் இன்னும் அறுபது வீடு, எனக்கும் மூட்டு தேய்மானம்.
கீழே படிக்கட்டில் ஒரு பையன் இருப்பான்.
அவருக்குத் தண்ணீர் கேன் தூக்குகிறவன்.
“குடுங்கக்கா, நான் குடுத்துர்றேன்.”
கைபேசித் திரையில் விரலால் போடும் கையெழுத்து
யார் போட்டாலும் புழு நெளிந்தது போலத்தானே இருக்கிறது?
குணாளன் என்று அவனே நெளித்தான்.
எட்டு பார்சல்.

அவன் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்.
சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
தண்டவாளத்தோரம் கருவேலம் புதருக்குள்
வெறும் அட்டைகளும் ஊசிகளும் கிடக்கின்றன, போய்ப் பாருங்கள்.
அட்டையில் ஒட்டிய சீட்டில் இருப்பது ஹவில்தார் பெயர்தான்.
பையன் பெயர் எங்கேயும் இல்லை.
என் பதிலிலும் இருக்காது.

தற்போது எடுத்துவரும் பாதுகாப்பு நடவடிக்கை என்ன,
இது உங்கள் மூன்றாவது கேள்வி.
பார்சலைப் பையில் வைப்பதில்லை.
சாப்பாட்டுக் கூடையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில்.
மாடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி ஏறுகிறேன்.
அவர் எதிரில் பிரிக்கிறேன். அவர் எண்ணுகிறார்,
இந்தியில், ஏக் தோ தீன் என்று, பரேடில் எண்ணுகிற குரலில்.
எண்ணி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.
போன மாதம் மட்டும் கேட்டார்:
“தண்ணி கேன் வரலம்மா பத்து நாளா. பையனைப் பாத்தியா?”

பார்த்தேன், அய்யா.
அன்றைக்கு ஏறும்போதே பார்த்தேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்திருந்தான்.
வாயோரம் வெடித்து, பல் கிடுகிடுத்து,
அந்த வெயிலில் அவனுக்குக் குளிர்.
“பார்சல் வந்துச்சாக்கா?”
கூடை என் இடுப்பில்தான் இருந்தது.
தயிர் வாசனை அவனுக்கும் அடித்திருக்கும்.
வரலப்பா, என்றேன்.

பத்தொன்பது வருட சர்வீசில்
வந்த தபாலை வரவில்லை என்று சொன்னது
அது ஒரே தடவை.
நடவடிக்கை எடுப்பதென்றால்
அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜெயசீலி, தபால்காரர், பீட் எண் ஏழு.